நம்ம ஸ்டேஷன் கணக்கு நமக்குத் தெரிய வேண்டாமா?



ஒவ்வொரு மாதமும் நம் குழுக் கூட்டத்தில் என்ன நடக்கிறது? சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, யார் பாக்கி என்று ஊக்குநர் எல்லோர் முன்னாலும் வாசிக்கிறார். தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம். கையெழுத்துத் தெரியாதவங்க ரேகை வைக்கிறாங்க. ஒரு மாசம் கணக்கு வாசிக்கவில்லை என்றால் மறு மாசம் முணுமுணுப்பு ஆரம்பித்துவிடும். "என் பணம், எனக்குக் கணக்குச் சொல்லு" என்று கேட்க நாம் யாரும் கூச்சப்படுவதில்லை.

சரி, இப்போது வேறொரு கணக்கு. உங்கள் ஊர் எந்தக் காவல் நிலைய எல்லையில் வருகிறதோ, அந்த நிலையத்தில் போன வருஷம் எத்தனை செயின் பறிப்பு வழக்கு பதிவானது? புருஷன் அடித்தான் என்று எத்தனை பெண்கள் மனு கொடுத்தார்கள், அதில் எத்தனை மனு வழக்காக ஆனது? ஊர் முக்கு ரோட்டில் வண்டி மோதி எத்தனை பேர் செத்தார்கள்?

கடந்த சில மாதங்களாகக் குழுக் கூட்டங்களில் நாங்கள் இதைக் கேட்டு வருகிறோம். "நிறைய நடக்குதுங்க" என்று சொல்கிறார்கள். எண் யாருக்கும் தெரியவில்லை. தெரியாதது நம் உறுப்பினர்களின் குற்றமல்ல. அந்தக் கணக்கை யாரும் நம் கண்ணில் காட்டியதில்லை.

எண் தெரிந்தால் என்ன லாபம் என்று கேட்கலாம். பஸ் ஸ்டாப்பிலிருந்து காலனி வரை விளக்கு வேண்டும் என்று ஒரு ஊராட்சிப் பெண்கள் மனு கொடுத்தார்கள். மில் ஷிப்ட் முடிந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் இறங்கும் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் நடக்க வேண்டும். "அங்கே இதுவரை என்ன நடந்திருக்கு? ஏதாவது கேஸ் இருக்கா?" என்று அதிகாரி கேட்டாராம். பெண்களுக்கு நாலைந்து சம்பவம் ஞாபகம் இருந்தது, தேதி இல்லை, கேஸ் நம்பர் இல்லை. மனு அப்படியே நின்றுவிட்டது. விளக்கு, வேகத்தடை, கடைசி பஸ், ரோந்து எல்லாமே எண்ணைக் காட்டி வாங்க வேண்டிய காரியங்களாக இருக்கின்றன. அந்த எண்ணோ அலுவலகத்துக்குள்ளேயே இருக்கிறது.

இப்போது வெளியே வருகிற கணக்கு எது என்று பார்ப்போம். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் என்று மத்திய அரசின் நிறுவனம் ஒன்று 1986 முதல் இயங்குகிறது. நாடு முழுவதும் பதிவான வழக்குகளைத் தொகுத்து ஆண்டறிக்கை வெளியிடுகிறது, இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஆனால் 2023-ஆம் ஆண்டுக்கான அறிக்கை 2025 செப்டம்பரில்தான் வந்தது. கணக்கும் மாநிலம், பெருநகரம், அதிகம் போனால் மாவட்டம் வரைதான். நம் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான ஊர்கள் இருக்கின்றன. மாவட்டத்துக்கே ஒரே எண் கொடுத்தால் நம் முக்கு ரோட்டுக்கு அதில் என்ன தெரியும்? குழுவில் யார் எவ்வளவு கட்டினார் என்று கேட்டால் வட்டாரத்தின் மொத்தச் சேமிப்பைச் சொல்கிற மாதிரிதான்.

இரண்டாவது, எஃப்.ஐ.ஆர். என்கிற முதல் தகவல் அறிக்கை. இளம் வழக்கறிஞர் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பர் 7 அன்று ஒரு தீர்ப்புச் சொன்னது. பதிவான எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் போட வேண்டும். இணைய வசதி சரியில்லாத இடம் என்றால் அதிகபட்சம் 72 மணி நேரம். 2016 நவம்பர் 15 முதல் இது நடைமுறை. பாலியல் குற்றங்கள், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள் (போக்சோ), தீவிரவாத வழக்குகள் போன்றவற்றைப் போடக் கூடாது என்று விலக்கும் சொன்னது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு, எண் கொடுத்து எஃப்.ஐ.ஆரைப் பார்க்கலாம். படித்த பிள்ளைகள் கையில் போன் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

இதில் ஒரு சின்ன உபாயம் இருக்கிறது. ஒவ்வொரு நிலையத்திலும் ஜனவரியில் 1 என்று ஆரம்பித்து எஃப்.ஐ.ஆருக்கு வரிசையாக எண் போடுவார்கள். 'குற்ற எண் 245/2024' என்றால் அந்த நிலையத்தில் 2024-இல் பதிவான 245-ஆவது வழக்கு. டிசம்பர் கடைசியில் பதிவான வழக்கின் எண் தெரிந்தால் வருஷ மொத்தம் தெரிந்துவிடும். என்ன வகை வழக்குகள் என்பது மட்டும் இதில் தெரியாது. ஒவ்வொன்றாகத் திறந்து படிக்க வேண்டும், விலக்கு பெற்றவை கண்ணில் படாது. எஃப்.ஐ.ஆர். என்பது தனித்தனி ரசீது மாதிரி. ரசீதுகளைக் கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு 'இதுதான் கணக்கு' என்று நம் பொருளாளர் சொன்னால் ஒத்துக்கொள்வோமா?

இனி, இந்த எண்களை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இது தெரியாமல் எண்ணை மட்டும் வாங்கினால் நாமே தப்பாகப் புரிந்துகொள்வோம்.

போலீஸ் கணக்கு என்பது நடந்த குற்றத்தின் கணக்கு அல்ல, எழுதப்பட்ட குற்றத்தின் கணக்கு. நம் ஊரில் நடப்பது என்ன? ஒரு பெண் மனு கொண்டு போகிறாள். சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீது கொடுக்கிறார்கள். 'மனு பெற்றுக்கொண்டோம்' என்பதற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் கூப்பிட்டுப் பேசி, எழுதி வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். எஃப்.ஐ.ஆர். ஆகவில்லை என்றால் அது தேசியக் கணக்கில் ஏறாது. அந்தப் பெண் வாங்கிய அடி, தில்லியில் அச்சாகிற புத்தகத்தைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

பேசி முடிப்பதே தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. பல உறுப்பினர்கள் கேஸ் வேண்டாம், கூப்பிட்டுக் கண்டித்தால் போதும் என்றுதான் போகிறார்கள். அது அவரவர் முடிவு. ஆனால் பேசி அனுப்பிய மனுவையும் எண்ணிச் சொல்ல வேண்டும் அல்லவா? இரண்டாவது முறை, மூன்றாவது முறை அதே வீட்டிலிருந்து மனு வந்ததா என்று தெரிய வேண்டும் அல்லவா?

எழுதப்பட்டதற்கும் நடந்ததற்கும் நடுவில் எவ்வளவு பள்ளம் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறோம். 2023-இல் நாடு முழுவதும் பெண்களுக்கு எதிரான குற்றம் என்று பதிவானது சுமார் 4 லட்சத்து 48 ஆயிரம் வழக்குகள். அதில் ஏறத்தாழ பத்தில் மூன்று, கணவன் அல்லது அவன் உறவினர் செய்த கொடுமை. வழக்கு எண்ணை விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய்ப் பெண்களிடமே கேட்கிற அரசுக் கணக்கெடுப்பும் ஒன்று இருக்கிறது: தேசிய குடும்ப நல ஆய்வு. 2019-21 ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள், திருமணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்திருப்பதாகச் சொன்னார்கள். இருபது பேர் உள்ள குழு என்றால் ஏழெட்டுப் பேர். உங்கள் குழுவை ஒருமுறை மனசுக்குள் சுற்றிப் பாருங்கள். அதே ஆய்வில், வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் நாடு முழுவதும் 100-க்கு 14 பேர்தான். மீதிப் பேரில் பெரும்பாலோர் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இன்னொரு விதியும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால், எல்லாவற்றிலும் பெரியது எதுவோ அதை மட்டும்தான் தேசியக் காப்பகம் எண்ணும். கற்பழித்துக் கொன்றால் கொலைக் கணக்கில் போய்விடும். எண் குறைவாகத் தெரிய இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, ஒரு நிலையத்தில் எண் கூடினால் உடனே "ஐயோ, நம்ம ஏரியா கெட்டுப் போச்சு" என்று பதற வேண்டாம். புது அதிகாரி வந்து, வருகிற மனுவை எல்லாம் ஒழுங்காகப் பதிவு செய்திருக்கலாம். எண் குறைந்தால் உடனே கைதட்டவும் வேண்டாம். எண் கூடினதற்காக ஒரு நல்ல அதிகாரியை நாம் திட்டினால், அடுத்து வருகிறவர் என்ன செய்வார்? எழுதாமல் விட்டுவிடுவார். அதனால்தான் எஃப்.ஐ.ஆர். எண்ணிக்கையை மட்டும் கேட்காதீர்கள் என்கிறோம். வந்த மனு எத்தனை, கொடுத்த சி.எஸ்.ஆர். எத்தனை, அதில் எஃப்.ஐ.ஆர். ஆனது எத்தனை, கோர்ட்டில் குற்றப்பத்திரிகை போட்டது எத்தனை என்று நாலையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நாலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் உண்மை தெரியும். எங்கள் அனுபவத்தில், மனுவுக்கும் எஃப்.ஐ.ஆருக்கும் உள்ள இடைவெளிதான் ஒரு நிலையத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது.

பெண்கள் விஷயத்தில் இரண்டு நிலையத்திலும் கேட்க வேண்டும். 1992-இல் தமிழ்நாட்டில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னையில் வந்தது. இப்போது குடும்பத் தகராறு, வரதட்சிணைக் கொடுமை மனுக்கள் பெரும்பாலும் மகளிர் நிலையத்துக்குத்தான் போகின்றன. ஊர் நிலையத்தில் மட்டும் கேட்டால், பெண்கள் வழக்கு கொஞ்சம்தான் என்று வரும். அது பாதிக் கணக்கு.

எஃப்.ஐ.ஆர். பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறோம். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குடும்பத் தகராறு போன்ற சிலவற்றில் முதலில் விசாரித்துப் பார்க்கப் போலீசுக்கு அனுமதி உண்டு, ஆனால் அதற்கும் நாள் கணக்கு உண்டு, மாசக்கணக்கில் இழுக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்ற விசாரணை முறைச் சட்டம் போய் புதுச் சட்டம் வந்திருக்கிறது. அதன் 173-ஆம் பிரிவுப்படி எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், "எங்க எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். நிலையத்தில் எடுக்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

எழுதாமல் விட்டால் என்ன நஷ்டம் என்பதை ரோட்டு விபத்தில் பளிச்சென்று பார்க்கலாம். 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன, 17,884 பேர் இறந்தார்கள். சராசரியாக ஒரு நாளைக்கு 49 பேர். விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே நம் மாநிலம்தான் முதலிடம். தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டர் தூரத்துக்குள், மூன்று வருஷத்தில் உயிர்ப்பலியோ பலத்த காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள் நடந்தால், அல்லது பத்துப் பேர் இறந்தால், அதை 'விபத்துப் பகுதி' என்று குறித்துச் சரிசெய்ய வேண்டும் என்பது விதி. ஐந்து என்பது எழுதப்பட்ட ஐந்து. நம் பக்கம் பாதி விபத்து எப்படி முடிகிறது? "ஆஸ்பத்திரி செலவைக் கொடுத்துடறேன், கேஸ் வேண்டாம்" என்று டீக்கடையில் பேசி முடித்துவிடுகிறார்கள். கால் உடைந்தவருக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைப்பது கஷ்டமாகிவிடும். அந்த வளைவும் கணக்கில் வராது. அடுத்த விபத்து வரும்போது, அது முதல் விபத்து மாதிரி எழுதுவார்கள்.

விபத்து நடந்த இடத்தைப் போலீசார் செல்போன் செயலியில் பதிவு செய்கிற முறை இப்போது இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கியது. அதாவது எந்த இடம், எந்த நேரம் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஏறிவிட்டது. புதிதாக யாரும் எண்ண வேண்டியதில்லை. வெளியே காட்டினால் போதும்.

வெளியே காட்டச் சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. தகவல் உரிமைக்கு நாட்டிலேயே முதலில் சட்டம் போட்டது தமிழ்நாடுதான், 1997-இல். விலக்குகள் ஏகப்பட்டவை இருந்ததால் அது பெரிதாகப் பயன்படவில்லை. 2005-இல் வந்த தகவல் பெறும் உரிமைச் சட்டம்தான் நமக்குத் தெரிந்தது. பலரும் இதை 'மனு போட்டுக் கேட்கிற சட்டம்' என்றே நினைக்கிறோம். ஆனால் அதன் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்காமலேயே அலுவலகங்கள் தாமாகத் தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. இணையத்திலும், அறிவிப்புப் பலகையிலும், செய்தித்தாளிலும், உள்ளூர் மொழியில், அந்த ஊர் மக்களுக்கு எட்டுகிற விதத்தில், குறிப்பிட்ட கால இடைவெளியில். மக்கள் மனு போட வேண்டிய அவசியமே குறைய வேண்டும் என்பது அந்தப் பிரிவின் நோக்கம். காவல் நிலையத்துக்கும் இது பொருந்தும், ஊராட்சிக்கும் பொருந்தும்.

குறையையும் சொல்ல வேண்டும். கட்டாயம் வெளியிட வேண்டியவை என்று சட்டம் தருகிற 17 இனங்களில் 'நிலையவாரியாகக் குற்றக் கணக்கு, மாதாமாதம்' என்று தனியாக ஒரு வரி கிடையாது. 'இயன்ற அளவு அதிகமாக' வெளியிட முயல வேண்டும் என்பதோடு நிற்கிறது. இயன்ற அளவு என்றால் அலுவலகம் அலுவலகமாக அளவு மாறும்! எனவே ஒவ்வொரு காவல் நிலையமும், ஒவ்வொரு ஊராட்சியும் மாதம் ஒருமுறை இன்னின்ன எண்ணை இணையத்திலும் வாசல் பலகையிலும் போட்டே ஆக வேண்டும் என்று அரசே தெளிவாக உத்தரவு போட வேண்டும் என்பது எங்கள் கருத்து. 4-ஆம் பிரிவு ஒழுங்காக நடக்கிறதா என்று தகவல் ஆணையங்கள் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2023 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. ஊர் அளவுக்குத் தகவலை இறக்கிக் காட்ட முடியும் என்பதற்கு ராஜஸ்தான் உதாரணம். அங்கே 2019-இல் ஆரம்பித்த 'ஜன் சூச்னா' இணையதளத்தில் ரேஷன், பென்ஷன் விவரம் எல்லாம் ஊராட்சி அளவில் பார்க்கலாம். அதற்குப் பின்னால், 1990-களிலிருந்தே கூலிக் கணக்கைக் காட்டு என்று கேட்ட கிராமத்துக் கூலிக்காரர்களின் போராட்டம் இருக்கிறது. அதில் பெண்கள் நிறையப் பேர்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நாம் கேட்பது எண்ணிக்கை, பெயர் அல்ல. 2024 டிசம்பரில் சென்னையில் பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு மாணவியின் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் வெளியாகி, அந்தப் பிள்ளையின் விவரம் ஊரெல்லாம் பரவிவிட்டது. இடைக்கால நிவாரணமாக 25 லட்சம் ரூபாய் தரச் சொல்லி அரசுக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பணம் கொடுத்தால் பரவியதைத் திரும்ப அள்ள முடியுமா? பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதே தண்டனைக்குரிய குற்றம்.

எண்ணிலும் கவனம் வேண்டும். இருநூறு வீடு உள்ள ஊரில் 'பாலியல் வன்கொடுமை: 1' என்று பலகையில் எழுதினால், யார் என்று ஊரே கண்டுபிடித்துவிடும். ஆகவே இப்படிப்பட்ட வழக்குகளை நிலைய அளவில், வருஷ மொத்தமாகக் கேட்போம். விபத்து, செயின் பறிப்பு, திருட்டு, எரியாத விளக்கு இவற்றை இடவாரியாகக் கேட்கலாம். இங்கிலாந்தில் 2011 முதல் போலீஸ் இணையதளத்தில் தெருவாரியாக மாதக் கணக்குப் போடுகிறார்கள். அங்கேயும் வீட்டைக் காட்ட மாட்டார்கள், பக்கத்தில் ஒரு பொது இடத்தில்தான் புள்ளி வைப்பார்கள்.

அரசு தானாக வெளியிடும் வரை நாம் சும்மா இருக்க வேண்டாம். விண்ணப்பம் எழுதுவது சுலபம். வெள்ளைத் தாளில், 'பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம்' என்று எழுதி, கீழே இப்படிக் கேளுங்கள்:

"தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் விண்ணப்பம். எங்கள் ஊர் அடங்கிய காவல் நிலையத்திலும், எங்கள் பகுதிக்கான அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும், கடந்த மூன்று ஆண்டுகளில் பெறப்பட்ட மனுக்கள், வழங்கப்பட்ட சி.எஸ்.ஆர்., பதிவான எஃப்.ஐ.ஆர்., தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை ஆகியவற்றின் எண்ணிக்கையை ஆண்டுவாரியாகவும் குற்றவாரியாகவும் தரவும். சாலை விபத்துகளின் எண்ணிக்கையை இடவாரியாகத் தரவும். பெயர் விவரம் எதுவும் வேண்டாம். இக்கணக்கு பிரிவு 4-இன்படி இணையத்திலோ பலகையிலோ வெளியிடப்பட்டிருந்தால் அதன் விவரமும் தரவும்."

10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் என்று சான்று வைத்தால் கட்டணம் இல்லை. ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது, காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் எழுதிக்கொள்ள அந்த அலுவலர் உதவ வேண்டும். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் ஐந்து நாளுக்குள் அவர்களே அங்கே அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லை என்றாலோ, அரைகுறையாக வந்தாலோ, 30 நாளுக்குள் மேல் அதிகாரிக்கு முதல் முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் முறையீடு. தேதிகளைத் தீர்மான நோட்டிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தனி ஆள் பெயரில் போடத் தயக்கமாக இருந்தால் இரண்டு மூன்று குழுக்களிலிருந்து ஆளுக்கொன்றாகப் போடுங்கள்.

தெருவிளக்கு ஊராட்சியின் பொறுப்பு. ஊராட்சியில் எத்தனை கம்பம், எத்தனை எரிகிறது, மூடியில்லாத கிணறு எத்தனை என்று கிராம சபையில் வாசிக்கச் சொல்லி, பலகையில் எழுதச் சொல்லி ஒரு தீர்மானம் கொடுங்கள். இதே விண்ணப்பத்தை ஊராட்சிக்கும் போடலாம். கம்பத்தை எண்ண அவர்களுக்கு முன்னால் நாமே ஒரு சாயங்காலம் நடந்து எண்ணிவிட்டுப் போனால் இன்னும் நல்லது, வாசிக்கிற எண்ணும் நம்ம எண்ணும் ஒத்துப் போகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பதில் வந்த குழுக்கள் நகல் ஒன்றைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள். நிலையவாரியாகச் சேர்த்து, அடுத்தடுத்த இதழ்களில் எண்களை மட்டும் வெளியிடுகிறோம். விண்ணப்பம் எழுத உதவி வேண்டுவோர் தொகுப்புக் கூட்டம் நடக்கும் அன்று காலையிலேயே வந்துவிடுங்கள், ஸ்டாம்ப் வாங்கி வைத்திருக்கிறோம்.